பழைய ஜப்பானியப் பாப் தட்டுகள் சாம்பிளருக்கு எவ்வளவு உதவும்?

இந்த மதிப்புரை தனியொரு ஆல்பத்தைப் பற்றியது அன்று. 1970களின் பிற்பகுதியிலிருந்து 1980களின் நடுப்பகுதி வரை ஜப்பானில் அச்சாகி, பின்னர் ‘சிட்டி பாப்’ என்ற பெயரில் உலகெங்கும் அறியப்பட்டு, இன்று டோக்கியோவின் பழைய இசைத்தட்டுக் கடைகளிலும் இணைய ஏலங்களிலும் செகண்ட் ஹேண்ட் சரக்காகக் கைமாறும் 12 அங்குலத் தட்டுகளையே ஒரு பொருளாக எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். கேட்டு ரசிப்பதற்கு அவை எப்படி என்பதைப் பலரும் எழுதியாயிற்று. ஒலித்துண்டுகளைப் பதிந்து பட்டன்களால் வாசிக்க உதவும் கருவியான சாம்பிளரில் ஏற்றி, வெட்டி, இடம் மாற்றி, புதிய பாடலொன்றைக் கட்டுவதற்கான மூலப்பொருளாக அவை கொடுத்த காசுக்குத் தகுமா என்பதுதான் இங்கே கேள்வி. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தகும். ஆனால் எல்லோரும் தேடி ஓடுகிற தட்டுகளுக்கு அந்தத் தகுதி இல்லை. எல்லோரும் வெட்டுகிற இடங்களுக்கும் இல்லை.

முதலில் கைக்கு வரும் பொருள். அட்டையின் இடது ஓரத்தை அணைத்தபடி நெடுக்காக ஒரு காகிதப் பட்டை இருக்கும். அதற்கு ஓபி என்று பெயர். பாடகர் பெயர், விளம்பர வாசகம், தட்டின் எண், அன்றைய விலை ஆகியவை அதில் அச்சாகியிருக்கும். 1970களின் இறுதியில் 2,500 யென், 1980களின் தொடக்கத்தில் 2,800 யென் என்பதே பெரும்பாலான தட்டுகளில் காணும் விலை. சேகரிப்பாளர்கள் இந்தப் பட்டைக்காகவே கூடுதல் பணம் தருகிறார்கள். சாம்பிளிங் செய்பவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லையாதலால், ஓபி தொலைந்துபோன பிரதி மலிவாகக் கிடைத்தால் தயங்காமல் எடுக்கலாம். உள்ளே மடித்து வைத்திருக்கும் பாடல் வரித் தாளை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடக் கூடாது.

அந்தத் தாளின் அருமை வரிகளில் இல்லை, ஒவ்வொரு பாடலின் அடியிலும் பொடி எழுத்தில் இருக்கும் வாத்தியக்காரர் பட்டியலில் இருக்கிறது. டிரம்ஸ் யார், பேஸ் யார், எந்த கிட்டாரிஸ்ட், எலெக்ட்ரிக் பியானோவில் யார் என்று பாடலுக்குப் பாடல் தனித்தனியே குறிப்பிட்டிருப்பார்கள். பல தட்டுகளில் அந்தப் பகுதி ரோமன் எழுத்திலேயே இருப்பதால் ஜப்பானிய மொழி தெரியாதவரும் வாசித்துவிடலாம். சிட்டி பாப் பாடகர் தட்சுரோ யமாஷிதாவின் தட்டுகளில் ஜுன் அவோயாமாவின் டிரம்ஸையும் கோக்கி இட்டோவின் பேஸையும் கேட்டு மயங்கியவர், அடுத்த யமாஷிதா தட்டுக்குப் பெரும் பணம் சேர்க்கத் தேவையில்லை. அதே இருவரின் பெயர் வேறு எந்தத் தாளில் இருக்கிறது என்று பார்ப்பதே கெட்டிக்காரத்தனம். அக்காலத்து ஸ்டூடியோ கலைஞர்கள் யாரையும் பிரித்துப் பார்த்து வாசிக்கவில்லை. சிட்டி பாப் பாடகி மிகி மட்சுபரா போன்றோரின் தட்டுகளில் வாசித்த கிட்டாரிஸ்ட் மசாக்கி மட்சுபரா, செய்கோ மட்சுதா போன்ற ஐடல் பாடகியரின், அதாவது வெகுஜன ரசிகர்களுக்காக முன்னிறுத்தப்பட்ட இளம் நட்சத்திரங்களின், பதிவுகளிலும் வாசித்தார். ஐடல் தட்டுகள் லட்சக்கணக்கில் விற்றவை. ஆகவே இன்று பழைய கடைகளின் 100 யென் பெட்டிகளில் குவிந்து கிடக்கின்றன. விலையுயர்ந்த தட்டில் கேட்ட அதே கை, அதே காலத்து ஸ்டூடியோ, அதே தரமான ஒலிப்பதிவு, நூறில் ஒரு பங்கு விலையில். சாம்பிளருக்குப் பாடகியின் புகழ் கேட்காது.

கடைகளைப் பொறுத்தவரை அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டிஸ்க் யூனியன் போன்ற பெரிய கடைகள் ஷின்ஜுகு, ஓச்சனோமிசு முதலிய பகுதிகளில் இசை வகைக்கேற்பத் தனித்தனிக் கிளைகளாகவும் தளங்களாகவும் பிரிந்திருக்கின்றன. விலைச்சீட்டில் அட்டையின் நிலையும் தட்டின் நிலையும் தனித்தனியே தரப்படுத்தி எழுதப்பட்டிருக்கும். அந்தத் தரப்படுத்தல் கடுமையானது என்ற பெயர் ஜப்பானியக் கடைகளுக்கு உண்டு, அது பொய்யில்லை. ஆயினும் தரம் பெரும்பாலும் விளக்கொளியில் கண்ணால் பார்த்து இடப்படுவது. கீறலே தெரியாத தட்டிலும் ஒரே பாட்டைத் தேயத் தேயக் கேட்டிருந்தால் அந்த ஒரு பாட்டின் உச்சஸ்தாயிகள் கரகரத்துப் போயிருக்கும், அதைக் கண் காட்டிக்கொடுக்காது. ஹிட் பாட்டே பெரும்பாலும் அப்படித் தேய்ந்திருக்கும். யாரும் ஊசியை வைக்காத பாட்டு புதிதாகவே இருக்கும். சாம்பிளிங் செய்பவருக்கு இது நல்ல செய்தி.

இப்போது இந்தப் பொருளின் உண்மையான குறைக்கு வருகிறேன். அது ஜப்பானியத் தட்டுக்கு மட்டும் உரியதன்று, ஆனால் இந்த வகை இசையில்தான் மிகவும் வலிக்கிறது. ஒரு பக்கத்தை மெதுவான பாடலோடு முடிப்பது அக்காலத்து ஆல்பங்களின் வழக்கம். நமக்கு வேண்டிய பொருளெல்லாம் அந்த மெதுவான பாடலில்தான் இருக்கிறது: இடைவெளி விட்டு ஒலிக்கும் எலெக்ட்ரிக் பியானோ, மேஜர் செவன்த், நைன்த் கார்ட்களின் மிதப்பு, பிரஷ்ஷால் தடவப்படும் ஸ்னேர், பிரெட் இல்லாத பேஸின் முனகல். ஆனால் அந்தப் பாடல் தட்டின் மையத்துக்கு அருகில் இருக்கிறது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற மாறாத வேகத்தில் சுழலும் தட்டில், வெளி விளிம்பில் ஊசியின் கீழ் விநாடிக்கு ஏறத்தாழ 51 சென்டிமீட்டர் நீளப் பள்ளம் ஓடுகிறது. உள் விளிம்பை எட்டும்போது அது 21 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. அதே ஒலியை அதில் பாதிக்கும் குறைவான நீளத்துக்குள் நெருக்கி எழுத வேண்டியிருப்பதால், உயர் அதிர்வெண்கள் மங்குகின்றன, பாடகி ‘ஸ’, ‘ஷ’ என்று உச்சரிக்கும் இடங்கள் சீறுகின்றன, பியானோவின் மணியோசை ஓரங்களில் உடைகிறது. மிகச் சிறந்த சாம்பிள் மிக மோசமான இடத்தில் அமர்ந்திருக்கிறது என்பதுதான் இந்தப் பொருளோடு நெடுநாள் பழகியவரின் நிரந்தரப் புகார்.

இதற்கு மருந்து ஓரளவுக்கு உண்டு. பொருத்தும் கோணம் சரியாக இருக்கும் ஒரு நல்ல எலிப்டிகல் அல்லது மைக்ரோலைன் ஊசி, விலையுயர்ந்த சாம்பிளரைவிட இந்த இடத்தில் அதிகம் உதவும். டி.ஜே.க்கள் பயன்படுத்தும் உருண்டை முனை ஊசி ஸ்கிராட்ச் செய்வதற்கு உறுதியானது; உள் பள்ளங்களை வாசிப்பதில் தேறாது. மற்றொரு வழி, குறையை ஏற்றுக்கொண்டு வேலை செய்வது: எடுத்த துண்டின் சுருதியை நான்கைந்து செமிடோன் (அரைச்சுரம்) இறக்கினால் சீறல் கீழே இறங்கி, காதுக்கு உறுத்தாத ஒரு மணல் வாசனையாக மாறிவிடுகிறது. இறக்கியபின் உயர் ஒலிகளை வடிகட்டும் லோ-பாஸ் ஃபில்டரை மெல்ல மூடினால், யாரும் குறையென்று சொல்ல மாட்டார்கள்.

வெட்டுவது எங்கே என்பது அடுத்த கேள்வி. இதில் பலர் வழுக்கி விழுவதைக் கேட்டிருக்கிறேன். இந்தத் தட்டுகளின் பல்லவி நம்மை இழுக்கும். பித்தளை வாத்தியங்கள், வயலின் வரிசை, அடுக்கடுக்கான குரல்கள், கைதட்டல் எல்லாம் ஒருசேர எழும் இடம் அது. அதை எடுத்து நான்கு பார் (தாளச் சுற்று) அளவுக்கு லூப் போட்டு, அதாவது திரும்பத் திரும்ப ஓடவிட்டு, மேலே ஒரு கனத்த கிக் டிரம்மை வைத்தால் உடனே ஒரு பாட்டு கிடைத்துவிட்டதுபோல் தோன்றும். ஃப்யூச்சர் ஃபங்க் என்று பெயர் பெற்ற பதிவுகளில் பெரும்பகுதி இவ்வாறே செய்யப்பட்டது. கேட்க இனிமைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பல்லவி ஏற்கெனவே முடிக்கப்பட்ட வேலை. அரேஞ்சர் ஒரு மூலையையும் காலியாக விடவில்லை. புதிதாக எதைச் சேர்த்தாலும் அது ஒட்டாமல் துருத்திக்கொண்டு நிற்கும். லூப் போட்டவர் செய்தது தேர்வு மட்டுமே, இசை முழுவதும் பழைய கலைஞருடையது.

ஆகவே நான் இந்தத் தட்டுகளில் தேடுவது நிறைந்த இடங்களை அல்ல. குரல் தொடங்குமுன் வரும் இரண்டு பார். சரணத்துக்கும் பல்லவிக்கும் நடுவே எல்லோரும் நிறுத்தி ஒரு கார்ட் மட்டும் தொங்கும் அரை விநாடி. இடையிசை முடிந்து சாக்ஸஃபோன் மூச்சு வாங்கும் இடம். பாடல் மங்கி மறையும்போது பாடகர் ஒதுங்கிக்கொள்ள வாத்தியக்காரர்கள் தங்களுக்குள் விளையாடத் தொடங்கும் கடைசி இருபது விநாடி. மங்கும் பகுதியில் ஒலி தேய்ந்துகொண்டே போகும்; அதைத் துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொன்றையும் தனித்தனியே உயர்த்தினால், தட்டின் இரைச்சலும் படிப்படியாக உயர்ந்து, விரும்பினால் அதையே ஒரு தாளக் கருவியாக ஆக்கிக்கொள்ளலாம்.

இவ்வகை இசையில் அடிக்கடி காணும் இன்னொரு வழக்கம் கடைசிப் பல்லவிக்குமுன் சுருதியை ஒரு செமிடோனோ இரண்டோ ஏற்றுவது. பலர் இதைத் தொல்லையாக நினைக்கிறார்கள். எனக்கு இது இலவச இணைப்பு. ஒரே சொற்றொடர், ஒரே வாத்தியக்காரர்கள், இரண்டு சுருதியில், மின்னணு நீட்டலின் கறை எதுவும் இல்லாமல் கிடைக்கிறது. முதலாவதிலிருந்து இரண்டு துண்டு, இரண்டாவதிலிருந்து ஒரு துண்டு என்று கலந்தால், மூலப்பாடலில் இல்லாத ஒரு கார்ட் வரிசை உருவாகிவிடும்.

ஸ்டீரியோவையும் பயன்படுத்த வேண்டும். அக்காலத்துக் கலவையில் ரிதம் கிட்டார் ஒன்று முழுக்க இடப்பக்கம், மற்றொன்று முழுக்க வலப்பக்கம் என்று நிறுத்துவது சாதாரணம். பெயர் தெரியாத ஒரு பாடகியின் மலிவுத் தட்டிலிருந்து நான் எடுத்த துண்டொன்றைச் சொல்கிறேன். முழுதாகக் கேட்டால் குரலும் வயலினும் நிறைந்த சாதாரணச் சரணம்தான். வலப்பக்கத்தை அணைத்துவிட்டு இடப்பக்கத்தை மட்டும் கேட்டபோது, தந்திகளைப் பாதி அமுக்கித் தட்டும் பதினாறாம் பங்குக் கிட்டார் தட்டல் முன்னுக்கு வந்தது. அதன் பின்னால் அறையின் எதிரொலியில் மட்டும் வயலின் ஒரு நிழல்போலக் கேட்டது. குரல் மையத்தில் இருந்ததால் மறையாமல் குறைந்து நின்றது. 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி எறிந்து, குரல் இல்லாத எட்டுத் தட்டல்களைப் பொறுக்கி எடுத்தபின் அது எந்தத் தட்டு என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. இரு பக்கங்களில் ஒன்றைத் தலைகீழாக்கிக் கூட்டி மையத்தில் உள்ள குரலை நீக்கும் பழைய உத்தியும் வேலை செய்கிறது. ஆனால் தட்டில் பேஸும் கிக்கும் மையத்திலேயே வெட்டப்படுபவை. குரலோடு அவையும் போய்விடும். புதிய பேஸை நாமே வாசிக்கத் தயாராக இருந்தால் அது நஷ்டமில்லை.

வேகத்தைப் பற்றி ஒரு சொல். வாத்தியங்களைத் தானாக இயக்கும் சீக்வென்சர் ஓடும் தட்டுகளைத் தவிர்த்தால், இவற்றில் மனிதர்களே வாசித்திருக்கிறார்கள். பல்லவியில் சற்று முன்னே ஓடி சரணத்தில் அமர்வார்கள். நான்கு பாரை மொத்தமாக எடுத்து கணினியின் கட்டத்துக்குள் நீட்டுவதைவிட, தாளத்தின் ஒவ்வோர் அடியாக வெட்டி பட்டன்களில் வைத்து விரலால் வாசிப்பதே உயிரோடு இருக்கும்.

கருவியைப் பொறுத்தவரை, ஜப்பானிய பாப் சாம்பிளிங்குக்கு அந்நியமானது அன்று என்பதை நினைவில் வைக்கலாம். 1981இல் யெல்லோ மேஜிக் ஆர்க்கெஸ்ட்ரா என்ற ஜப்பானியக் குழு வெளியிட்ட ‘டெக்னோடெலிக்’ ஆல்பம், தங்களுக்கென்றே கட்டப்பட்ட எல்எம்டி-649 என்ற 12 பிட் சாம்பிளரால் பதிந்த ஒலிகளைக் கொண்டு உருவானது. சாம்பிள்களை அடிப்படையாகக் கொண்டு உருவான முதல் ஆல்பங்களுள் ஒன்று அது. பின்னர் 1987இல் வந்த அமெரிக்க எஸ்பி-1200 சாம்பிளரில் மொத்தம் பத்து விநாடி மட்டுமே பதிய முடிந்ததால், 33⅓ தட்டை 45இல் ஓட்டிப் பதிந்து பிறகு சுருதியை இறக்குவது ஹிப்-ஹாப் தயாரிப்பாளர்களின் வழக்கமாயிற்று. இன்று நினைவகம் தட்டுப்பாடு இல்லை, ஆனாலும் அந்த ஒலிக்காக அதையே செய்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு கணக்கு: வேகமாற்றம் சுருதியை 5.2 செமிடோன் ஏற்றுகிறது; சரியாக ஐந்து இறக்கினால் மூலத்தைவிடச் சற்று மேலேயே நிற்கும். மேலே சேர்க்கும் கீபோர்டு ஏன் ஒத்துப்போகவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்வதற்குமுன் அந்த 20 சென்ட்டையும் (ஒரு செமிடோனுக்கு 100 சென்ட்) இறக்கிவிடுங்கள்.

2021இல் வந்த ரோலண்ட் எஸ்பி-404எம்கேII இந்த வேலைக்குப் பலரும் வாங்கும் பெட்டி. பதினாறு பட்டன்கள், பேட்டரியிலும் ஓடும், பதிவு பொத்தானை அழுத்தத் தவறினாலும் சற்றுமுன் ஒலித்ததைப் பிடித்துத் தரும் வசதி, இவையெல்லாம் தட்டுக்கு அருகே மிகவும் உதவுகின்றன. அதில் டர்ன்டேபிளை நேரடியாக இணைக்கும் ஃபோனோ உள்ளீடு இல்லை. இடையில் டர்ன்டேபிளின் மெல்லிய ஒலியைப் பெருக்கித் தரும் ஒரு ஃபோனோ பிரீஆம்ப் கட்டாயம் வேண்டும். பழைய தட்டின் ஒலியைப் போலிசெய்யும் அதன் புகழ்பெற்ற வினைல் எஃபெக்டை உண்மையான வினைலிலிருந்து எடுத்த துண்டின்மீது போடுவோரின் ரசனையைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

அனுமதிதான் இந்தப் பொருளின் மறைவான விலை. ஜப்பானியப் பதிப்புரிமைச் சட்டத்தில் பாடலை எழுதியவரின் உரிமை ஒன்று, ஒலிப்பதிவைத் தயாரித்த நிறுவனத்தின் உரிமை மற்றொன்று. சாம்பிள் எடுப்பவருக்கு இரண்டுமே தேவை. 2018 டிசம்பர் 30 முதல் ஒலிப்பதிவு உரிமையின் காலம் 50 ஆண்டிலிருந்து 70 ஆண்டாக உயர்ந்தது. 1979இல் வெளிவந்த தட்டு 2049 இறுதி வரை பாதுகாப்பில் இருக்கும். அமெரிக்கச் சட்டத்தில் உள்ளதுபோன்ற பொதுவான நியாயப் பயன்பாட்டு விதி அங்கே இல்லை. 1939இல் தொடங்கிய ஜஸ்ராக் என்னும் உரிமை அமைப்பிடம் பணம் கட்டிவிட்டால் போதும் என்று எண்ணுபவர்கள் கவனிக்க வேண்டும்: பாடலை மாற்றியமைக்கும் உரிமை ஜஸ்ராக்கின் கையில் இல்லை, ஒலிப்பதிவு உரிமையும் இல்லை. அதற்கும் மேலே, தம் படைப்பு விருப்பத்துக்கு மாறாகத் திரிக்கப்படுவதை எதிர்க்கும் உரிமையைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு படைப்பாளிக்கே தருகிறது. எட்டுத் துண்டாக வெட்டித் தலைகீழாகப் போடுவது திரிப்பா இல்லையா என்பதை முடிவு செய்பவர் நாமல்லர்.

ஆனாலும் கதவு மூடியே இருக்கிறது என்று சொல்ல முடியாது. யெல்லோ மேஜிக் ஆர்க்கெஸ்ட்ராவின் ஹருவோமி ஹோசோனோ 1980களில் முஜி என்ற ஜப்பானியச் சில்லறை விற்பனைக் கடைகளுக்காக உருவாக்கிய இசையின் ஒரு சிறு பகுதி, 2019இல் வாம்பயர் வீக்கெண்ட் என்ற அமெரிக்கக் குழுவின் பாடலொன்றுக்கு அடித்தளமாயிற்று. டொமோகோ ஆரான் 1983இல் பாடிய பாடலைக் கனடியப் பாடகர் தி வீக்எண்ட் 2022இல் எடுத்தாண்டபோது, ஆரானின் பெயரும் மெட்டமைத்த டெட்சுரோ ஓடாவின் பெயரும் படைப்பாளர் பட்டியலில் இடம்பெற்றன. தென்கொரியத் தயாரிப்பாளர் நைட் டெம்போ 2019 முதல் நிறுவனங்களின் ஒப்புதலோடு பழைய பாடல்களின் மறுவடிவங்களை வெளியிட்டு வருகிறார். இவர்களுக்குப் பின்னால் பெரிய நிறுவனங்களோ நல்ல தொடர்புகளோ இருக்கின்றன என்பதை மறந்துவிடாமல், தனியாக வேலை செய்பவர் தம் பாடலை விற்பதற்கு முன்பே உரிமையாளருக்கு எழுதுவது நல்லது. விற்ற பிறகு எழுதினால் பேரம் பேசும் வலு உரிமையாளர் பக்கம் போய்விடும். அனுமதி கிடைக்காது என்று தெரிந்தால், அந்தத் துண்டை வைத்துக் கட்டிய பாட்டிலிருந்து துண்டை மட்டும் எடுத்துவிட்டு, அதன் இடத்தில் நாமே வாசித்ததை வைப்பது பலரும் கையாளும் வழி. அப்போதும் மெட்டு அடையாளம் தெரிந்தால் படைப்பாளியின் உரிமை தொடர்கிறது.

வாங்குவதில் என் பரிந்துரை இது. பாடகி மரியா தகேயுச்சி 1984இல் வெளியிட்ட ‘வெரைட்டி’ போன்ற புகழ்பெற்ற ஆல்பங்களின் முதல் அச்சுக்காகக் காசை இறைக்க வேண்டாம். அதற்கு 2021இல் மறுபதிப்பே வந்துவிட்டது, யமாஷிதாவின் பழைய தட்டுகளுக்கும் 2023 முதல் புதிய வினைல் பதிப்புகள் வந்தன. மேலும், அந்தத் தட்டுகளின் ஒவ்வொரு விநாடியும் கேட்பவருக்கு மனப்பாடம். மலிவுப் பெட்டியில், அட்டையைப் பார்க்காமல், தாளில் உள்ள வாத்தியக்காரர் பெயரைப் பார்த்து எடுப்பதே லாபம். 45 வேகத்தில் ஓடும் 7 அங்குல சிங்கிள்களையும் ஒதுக்காதீர்கள். சத்தம் உரத்து இருக்கும், உள்விளிம்புச் சிக்கலும் குறைவு.

வினைல்தான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாதவர்களுக்கு, இவற்றைவிட நல்ல சரக்கு ஒன்று பக்கத்துப் பெட்டியில் தூசி படிந்து கிடக்கிறது: 1988இல் ஜப்பானில் அறிமுகமான 8 சென்டிமீட்டர் சிடி சிங்கிள். நெடிய மெல்லிய அட்டையில் வரும் இந்தச் சிறு தட்டுகள் பலவற்றில் பாடலோடு அதன் கரோக்கி வடிவமும் சேர்ந்தே இருக்கிறது. அதாவது குரலில்லாத மூல வாத்தியப் பதிவு, தட்டின் இரைச்சலோ உள்விளிம்பின் உடைசலோ இல்லாமல். காலம் சற்றுப் பிந்தியது, டிஜிட்டல் சிந்தசைஸரின் பளபளப்பு அதிகம், ஆகவே 1979இன் இளஞ்சூட்டை இதில் எதிர்பார்க்கக் கூடாது. தட்டை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும் வகை சிடி டிரைவில் இதைப் போடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நடுவில் சிறிய வட்டப் பள்ளம் உள்ள, தட்டை வைக்கும் தாங்கி வெளியே நீளும் பழைய வகை டிரைவே இதற்குத் தேவை.